மாணவர் பட்டியல் கூகுள் தேடலில் வருகிறது: எப்படிப் போனது, எப்படி மூடுவது?

கேள்வி
எழுதியவர்: கணக்கு ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். சிறிய கல்வி அறக்கட்டளை ஒன்றின் இணையதளத்தை நான்கு ஆண்டுகளாகத் தன்னார்வத்தில் கவனித்து வருகிறேன். என் தொழில் ஆசிரியப் பணி. வேர்ட்பிரஸ்ஸில் தளத்தை அமைத்துக் கொடுத்தவர் வேறொருவர். செய்திகளைப் பதிவேற்றுவதும் விழாப் படங்களை மாற்றுவதும்தான் எனக்குத் தெரிந்தவை.

சென்ற வாரம் எங்களிடம் உதவித்தொகை பெற்ற மாணவி ஒருவரின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். மகளின் பெயரையும் ஊரையும் கூகுளில் இட்டுத் தேடியபோது எக்செல் கோப்பு ஒன்று வந்ததாகவும், அதில் மகளின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருப்பதாகவும் சொன்னார். திறந்து பார்த்தேன். 2021ஆம் ஆண்டு விண்ணப்பித்த முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் முழுப் பட்டியல் அது. தேர்வுக்குழுவினர் பார்ப்பதற்காக நானே பதிவேற்றி, அதன் இணைய முகவரியை மூன்று பேருக்கு மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பு. தளத்தின் எந்தப் பக்கத்திலும் அதற்கு இணைப்பு கொடுக்கவில்லை. அந்தத் தந்தை என்மீது கோபப்படவில்லை, "இதை வேறு யார் யார் பார்த்திருப்பார்கள், சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவே இணையத்தில் படித்து, ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பில் அந்தக் கோப்புறையின் பெயரை எழுதித் தேடுபொறிகள் உள்ளே வரக்கூடாது என்று தடைசெய்தேன். ஐந்து நாட்களாகியும் தேடலில் அது வந்துகொண்டே இருக்கிறது. யாரும் இணைப்புக் கொடுக்காத கோப்பைக் கூகுள் எவ்வாறு கண்டுபிடித்தது? எங்கள் தளத்தை யாரேனும் ஊடுருவியிருக்கிறார்களா? நான் செய்த தடை ஏன் பலன் தரவில்லை? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்
எழுதியவர்: சர்வர் அறை

வணக்கம் ஐயா. மற்றதைப் பிறகு படிக்கலாம். முதலில் அந்தக் கோப்பை சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள். உங்கள் பதிவில் எல்லாம் இருக்கின்றன, கோப்பை நீக்கியதாக ஒரு வரி மட்டும் இல்லை. தேடல் முடிவு மறைவது இரண்டாம் வேலை. கோப்பு அங்கே இருக்கும்வரை, முகவரி தெரிந்த எவரும் தேடுபொறியின் துணையின்றியே அதை இறக்கிக்கொள்ளலாம்.

ஊடுருவல் நடந்ததா என்று கேட்டீர்கள். கூகுளின் தானியங்கி நிரல் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் திரும்பிப் போய்விடும். அது உங்கள் கோப்பைப் படித்தது என்றால், அந்தக் கோப்பு உலகத்தில் உள்ள எல்லோருக்கும் திறந்திருந்தது என்றே பொருள். வேர்ட்பிரஸ்ஸில் ஊடகப் பகுதி வழியாகப் பதிவேற்றும் எந்தக் கோப்பும், அது எந்தப் பக்கத்திலும் இடம்பெறாவிட்டாலும், பொதுவில் படிக்கக்கூடிய ஒரு முகவரியைப் பெற்றுவிடுகிறது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தராதது உங்கள் குற்றமன்று.

இணைப்பே இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தது என்பதற்குப் பல வழிகள் உண்டு. உங்கள் தளத்தில் நடந்திருக்கக்கூடியது இது என்று கருதுகிறேன்: பல தளங்களை இயக்கும் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில், ஒரு கோப்புறைக்கு முகப்புப் பக்கம் இல்லாதபோது அதில் உள்ள கோப்புகளின் பட்டியலைத் தானே தயாரித்துக் காட்டும் வசதி ஒன்று உண்டு. "இண்டெக்ஸ் ஆஃப்" என்ற ஆங்கிலத் தலைப்புடன் வெள்ளைப் பின்னணியில் கோப்புப் பெயர்களும் தேதிகளும் வரிசையாக வரும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு இணைப்புதான். நீங்கள் இணைப்புக் கொடுக்கவில்லை, சர்வர் கொடுத்துவிட்டது. இன்னொரு வழி, தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிகளுக்குப் பட்டியலிட்டுக் காட்டும் தளவரைபடம். தேடுபொறிகளுக்கு உதவுவதற்காக நிறுவும் சில செருகுநிரல்கள், பதிவேற்றிய ஒவ்வொரு கோப்புக்கும் உரிய இணைப்புப் பக்கத்தை அந்த வரைபடத்தில் சேர்த்துவிடும் பழக்கம் கொண்டவை. மூன்றாவது, மின்னஞ்சல் பெற்ற மூவரில் ஒருவர் அந்த முகவரியை வேறு ஏதேனும் பொதுப் பக்கத்தில் ஒட்டியிருக்கலாம்.

ரோபோட்ஸ் கோப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பொறுப்புள்ள பலர் இங்கேதான் தவறுகிறார்கள். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் முன்மொழிந்த ஏற்பாடு அது. தானியங்கி நிரல்கள் சர்வர்களைச் சுமையால் திணறடிக்காமல் இருப்பதற்காக வகுத்த மரியாதை விதி. 2022இல் அது ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணில் முறையான தரநிலையாக வெளிவந்தபோது, இந்த விதிகள் அணுகலை அனுமதிக்கவோ மறுக்கவோ உதவும் பாதுகாப்பு ஏற்பாடு அல்ல என்று அந்த ஆவணத்திலேயே எழுதிவைத்தார்கள். உங்கள் ரோபோட்ஸ் கோப்பை உலகில் எவர் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். "இந்த அறைக்குள் வராதீர்கள்" என்று நீங்கள் எழுதிய கோப்புறைப் பெயரைத்தான் தீய எண்ணம் கொண்டவர் முதலில் திறந்து பார்ப்பார்.

ஐந்து நாட்களாகப் பலன் இல்லாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கோப்பு ஏற்கெனவே கூகுளின் அட்டவணையில் ஏறிவிட்டது. அது நீக்கப்பட்டதா, மூடப்பட்டதா என்று தெரிந்துகொள்ள கூகுளின் நிரல் மறுபடியும் அந்த முகவரிக்கு வந்து பார்க்க வேண்டும். நீங்களோ வரக்கூடாது என்று தடுத்துவிட்டீர்கள். அதனால் பழைய பதிவு அப்படியே நிற்கிறது. ஆகவே அந்தத் தடை வரியை எடுத்துவிடுங்கள். கோப்பை நீக்கினால், அது இங்கே இல்லை என்பதைக் குறிக்கும் 404 அல்லது 410 என்ற எண்ணைச் சர்வர் விடையாகச் சொல்லும். நிரல் அதைக் கண்டு தன் அட்டவணையிலிருந்து எடுத்துவிடும். அதுவரை காத்திருக்க முடியாதல்லவா? தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் தளத்தைப் பதிவுசெய்து, நீக்கல் பகுதியில் அந்த முகவரியைக் கொடுங்கள். அது ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு மட்டுமே மறைத்துவைக்கும் தற்காலிக ஏற்பாடு. கோப்பையே அழித்துவிட்டால் அந்தக் காலம் போதும். பிங் தேடுபொறிக்குத் தனியாக அதேபோல் செய்ய வேண்டும். பழைய வலைப்பக்கங்களின் படிகளைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் படி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவர்களுக்கு எழுதுங்கள்.

கோப்புறைப் பட்டியலை நிறுத்த, உங்கள் ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பலகை இருந்தால் அதில் "இண்டெக்ஸஸ்" என்ற பகுதிக்குச் சென்று "நோ இண்டெக்ஸிங்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பதில்
எழுதியவர்: ஊடுருவல் சோதகர்

மேலே நண்பர் சொன்ன வரிசையே சரி. நிறுவனங்களின் அனுமதியோடு அவற்றின் தளங்களைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். எந்தத் தளத்தைச் சோதிக்கத் தொடங்கினாலும், அதன் சர்வரைத் தொடுவதற்கு முன் அரை நாளைக் கூகுளிலேயே கழிக்கிறேன். தளத்தின் பெயரைக் குறிப்பிட்டு அதற்குள் மட்டும் தேடச் சொல்லலாம். எக்செல் அல்லது பிடிஎஃப் மட்டும் வேண்டும் எனலாம். பக்கத் தலைப்பில் இன்ன சொல் இருக்க வேண்டும் எனலாம். நூலகரும் ஆய்வு மாணவரும் நாள்தோறும் பயன்படுத்தும் வசதிகள்தாம் இவை. இவற்றைச் சேர்த்துக் கட்டிப் பலவீனங்களைத் தேடும் முறைக்குத்தான் கூகுள் டோர்க்கிங் என்று பெயர்.

ஜானி லாங் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2000களின் தொடக்கத்தில் இத்தகைய தேடல் தொடர்களைத் திரட்டத் தொடங்கினார். அந்தத் திரட்டு 2010 முதல் அஃபென்சிவ் செக்யூரிட்டி நிறுவனத்தின் பராமரிப்பில் வளர்ந்து வருகிறது. எவரும் படிக்கலாம். தாக்குபவர் இதில் பெறுகிற பெரிய ஆதாயம் ஒன்று உண்டு: தேடல் நடப்பது கூகுளின் கணினிகளில். உங்கள் சர்வரின் பதிவேட்டில் ஒரு வரியும் விழாது. கோப்பை இறக்கும் கணத்தில்தான் முதல் தடம் பதிகிறது, அதுவும் சாதாரண வாசகர் ஒருவர் வந்துபோனது போலவே தோன்றும்.

உங்களுக்கு நேர்ந்தது பெரிய நிறுவனங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆசிரியர், ஊழியர், மாணவர் என ஏறத்தாழ 43,000 பேரின் பெயர்களும் சமூகப் பாதுகாப்பு எண்களும் அடங்கிய கோப்பு ஒன்று, கோப்புகளைப் பரிமாறப் பயன்படும் எஃப்டிபி சர்வர் ஒன்றில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. அன்றைய தேடுபொறிகள் அந்த வகை சர்வர்களுக்குள் செல்வதில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. 2010 செப்டம்பரில் கூகுள் எஃப்டிபி சர்வர்களையும் அட்டவணைப்படுத்தத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் எவரும் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் அந்தக் கோப்பு தேடலில் வரத் தொடங்கியது. 2011இன் நடுப்பகுதியில் அது தெரியவரும்வரை பத்து மாதங்கள் அப்படியே இருந்தது. யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில் ஒன்றை வைத்திருந்தால், அந்த நம்பிக்கை வேறொருவருடைய முடிவால் ஒரே நாளில் பொய்த்துப் போகலாம் என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்வு இது. ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கோப்புகளோடு இது நிற்பதில்லை. நியூயார்க் மாநிலத்தில் ரை புரூக் என்ற ஊருக்கு அருகே போமன் அணை என்ற சிறிய அணை இருக்கிறது. 2013 ஆகஸ்ட், செப்டம்பரில் ஈரானியர் ஒருவர் அதன் கட்டுப்பாட்டுக் கணினிக்குள் பலமுறை நுழைந்து, நீர்மட்டம், மதகின் நிலை ஆகிய விவரங்களைப் பார்த்தார் என்று 2016 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. கூகுள் தேடல் வழியாகவே அந்தக் கணினி அவர் கண்ணில் பட்டது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பராமரிப்புப் பணிக்காக மதகின் இணைப்பைத் துண்டித்து வைத்திருந்ததால் அவரால் அதை இயக்க முடியவில்லை. இன்றைக்கு இத்தகைய சாதனங்களுக்கென்றே தனித் தேடுபொறி இருக்கிறது. ஜான் மேத்தர்லி 2009இல் தொடங்கிய ஷோடான். அது வலைப்பக்கங்களைப் படிப்பதில்லை, இணையத்தில் இணைந்துள்ள கேமரா, ரவுட்டர், தொழிற்சாலைக் கருவி ஒவ்வொன்றும் தன்னைப் பற்றித் தானே சொல்லும் விவரங்களைத் திரட்டுகிறது. உங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் தொலைவிலிருந்து பார்க்கும் சிசிடிவி இருந்தால், அதன் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்
எழுதியவர்: எழும்பூர் வாசகர்

இரு பதில்களுமே கேள்வி கேட்டவர்மீது முழுப் பொறுப்பையும் ஏற்றுகின்றன என்பது என் வருத்தம். வங்கிக் கணக்கு எண்களும் பிறந்த தேதிகளும் நூற்றுக்கணக்கில் அடங்கிய ஒரு கோப்பைப் படிக்கும் கூகுளுக்கு, அது பொதுமக்களுக்கு உரியதன்று என்று தெரியாதா? படங்களில் உள்ள பொருள்களையே அடையாளம் காணும் நிறுவனம் அது. சம்பளம் வாங்காமல் தளத்தைக் கவனிக்கும் ஆசிரியரிடம் எதிர்பார்க்கும் கவனத்தை, உலகின் பெரும் செல்வம் படைத்த நிறுவனங்களில் ஒன்றிடம் நாம் எதிர்பார்க்கக் கூடாதா?

பதில்
எழுதியவர்: ஊடுருவல் சோதகர்

எதிர்பார்க்கலாம்; எதிர்பார்த்ததற்குப் பலனும் கிடைத்திருக்கிறது. 2004 டிசம்பரில் சான்ட்டி என்ற, தானே பரவும் கணினிப் புழு பரவியது. பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருளின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து பக்கங்களை அழித்தெழுதும் நிரல் அது. அடுத்த இரையை அது தானே கூகுளில் தேடிக்கொண்டது. கூகுள் அந்தத் தேடல் தொடரைத் தடுத்தவுடன் அதன் பரவல் அடங்கியது. ஆனால் சில நாட்களுக்குள் யாகூ, ஏஓஎல் தேடல்களைப் பயன்படுத்தும் மாற்று வடிவங்கள் வந்துவிட்டன. ஒரு வாயிலை அடைத்தால் அடுத்த வாயில். ஓட்டையை அடைத்த புதிய பதிப்போ புழுவுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதை நிறுவியவர்கள் பாதிக்கப்படவில்லை.

இன்றும் குறுகிய நேரத்தில் இத்தகைய தேடல்களை அடுக்கடுக்காகச் செய்தால், நீங்கள் மனிதர்தானா என்று கூகுள் நிறுத்திக் கேட்கும். தாக்குபவரின் வேகத்தை அது குறைக்கிறது, வழியை அடைப்பதில்லை. எந்த எக்செல் கோப்பு பொதுவுக்குரியது என்று நிரல் முடிவு செய்வதும் நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். தேர்வு முடிவுகள், வாக்காளர் பட்டியல், ஒப்பந்தப்புள்ளி விவரம் எனச் சட்டப்படியே வெளியிடப்படும் பெயர்ப் பட்டியல்கள் ஏராளம். இருந்தாலும் உங்கள் கருத்தில் நியாயம் இருக்கும் இடம் ஒன்று உண்டு: வங்கிக் கணக்கு எண், அடையாள எண் போன்றவை தேடலில் வந்தால், பாதிக்கப்பட்டவரே நீக்கக் கோரும் படிவத்தைக் கூகுள் வைத்திருக்கிறது. தள உரிமையாளரின் ஒத்துழைப்பு அதற்குத் தேவையில்லை. அந்த மாணவியின் தந்தைக்கு இதைத் தெரியப்படுத்துங்கள்.

பதில்
எழுதியவர்: சட்டத்துறை உறுப்பினர்

தொழில்நுட்பத்தை மற்றவர்கள் விளக்கிவிட்டதால் வேறு இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மறைக்க வேண்டாம். 2017இல் மத்திய, மாநில அரசுத் தளங்களும் கல்வி நிறுவனத் தளங்களுமாக ஏறத்தாழ 210 இணையதளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரி, ஆதார் எண் ஆகியவற்றைப் பொதுவில் காட்டிக்கொண்டிருந்ததை ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. அந்தத் தளங்களை யாரும் உடைக்கவில்லை. அலுவலர்கள் நல்லெண்ணத்துடன் பதிவேற்றிய பயனாளிகள் பட்டியல்களே அவை. உங்கள் அறக்கட்டளையின் நிலையும் இதுவே. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, தரவுக் கசிவு உள்ளிட்ட நிகழ்வுகளைக் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை நிறுவனங்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் உண்டு. பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு அந்தக் கடமை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கடமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரிவிக்கத் தடை ஏதுமில்லை, தெரிவித்துவிடுங்கள். பட்டியலில் உள்ள எல்லாப் பெற்றோருக்கும், எந்தெந்த விவரங்கள் எவ்வளவு காலம் வெளியில் இருந்தன என்பதை எளிய தமிழில் எழுதி அனுப்புங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் அவர்களுடைய கணக்கு எண்ணையும் பிள்ளையின் பிறந்த தேதியையும் சரியாகச் சொன்னால், அவர்கள் நம்பிவிடுவார்கள். உங்கள் கடிதம் அதற்கு முன் சென்று சேர வேண்டும்.

இரண்டாவது, இந்த இழையைப் படிக்கும் இளைஞர்களுக்கு. இங்கே சொன்ன தேடல்களை உங்கள் பொறுப்பில் உள்ள தளங்களுக்கு மட்டும் செய்து பாருங்கள். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை இறக்குவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு தடைசெய்கிறது. அதைத் தீய நோக்கத்துடன் செய்தால் 66ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை உண்டு. கதவு திறந்திருந்தது என்ற வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பிறர் தளத்தில் தற்செயலாக ஒன்றைக் கண்டால், கோப்பை இறக்காமல் முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு உரிமையாளருக்கோ செர்ட்-இன் அமைப்புக்கோ தெரிவியுங்கள்.

பதில்
எழுதியவர்: கணக்கு ஆசிரியர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கோப்பை அன்றே நீக்கி, ரோபோட்ஸ் தடையை எடுத்து, சர்ச் கன்சோலில் விண்ணப்பித்தேன். மறுநாள் மாலைக்குள் கூகுளில் மறைந்துவிட்டது. பிங்கில் இன்னும் வருகிறது. கோப்புறைப் பட்டியல் உண்மையாகவே திறந்துதான் கிடந்தது.

நீங்கள் சொன்னபடி எங்கள் தளத்தின் பெயரை இட்டு, கோப்பு வகை ஒவ்வொன்றாகத் தேடினேன். இன்னொரு எக்செல் கோப்பு, கையொப்பங்களுடன் கூடிய பிடிஎஃப் மூன்று. அவற்றையும் நீக்கிவிட்டேன். கோப்புறைப் பட்டியலை நேரடியாகப் பார்த்தபோது, தளத்தை அமைத்தவர் வைத்துவிட்டுப் போன ஜிப் கோப்பு ஒன்றும் இருந்தது. அதன் பெயரில் பேக்கப் என்ற சொல்லும் 2020ஆம் ஆண்டும் இருந்தன. விரித்துப் பார்த்தால் முழுத் தளமும் அதற்குள் இருக்கிறது. தேடலில் அது வரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

செயலாளர் ஒப்புக்கொண்டதால் பெற்றோருக்குக் கடிதம் தயாராகிவிட்டது. தொலைபேசியில் அழைத்த தந்தையை நேரில் சென்று பார்த்தேன்.

பதில்
எழுதியவர்: சர்வர் அறை

கூடாது ஐயா. உங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து அந்த ஜிப் கோப்பில்தான் இருக்கிறது. மாணவர் பட்டியல் வெளியானதால் தகவல் போயிற்று. இது வெளியாகியிருந்தால் தளமே போயிருக்கும். வேர்ட்பிரஸ்ஸின் அமைப்புக் கோப்பு அதற்குள் இருக்கும், அதில் தரவுத்தளத்தின் பெயரும் கடவுச்சொல்லும் பூட்டப்படாத எழுத்தில் இருக்கும். பேக்கப் என்ற சொல்லையும் ஆண்டையும் சேர்த்த பெயரை ஊகிப்பதற்குத் தேடுபொறி தேவையில்லை. இத்தகைய பெயர்களை ஒவ்வொரு தளத்திலும் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

முதலில் ஹோஸ்டிங்கின் அணுகல் பதிவேடுகளை உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் அவை விரைவில் அழிந்துவிடும். எக்செல் கோப்பையும் ஜிப்பையும் எந்தெந்த ஐபி முகவரிகளிலிருந்து (இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள எண்) இறக்கினார்கள் என்று காட்டக்கூடிய சான்று அது ஒன்றுதான். அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கு ஓரளவாவது பதில் சொல்ல அதுவே உதவும். அடுத்து ஜிப்பை நீக்குங்கள். பிறகு தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றி, அமைப்புக் கோப்பிலும் புதியதை எழுதுங்கள். அதே கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றினால், ஏற்கெனவே வேர்ட்பிரஸ்ஸில் உள்நுழைந்திருக்கும் எவரும் வெளியேற்றப்படுவார். நிர்வாகக் கணக்குகளின் பட்டியலைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் அமைத்தவரின் பழைய கணக்கு இன்னும் இருந்தால் அதையும் மூடுங்கள்.

இனித் தேர்வுக்குழுவுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டுமென்றால், தளத்தில் ஏற்றாமல், குறிப்பிட்ட மின்னஞ்சல் கணக்குகளுக்கு மட்டும் அனுமதி தரும் கூகுள் டிரைவ் போன்ற ஒன்றில் வையுங்கள். "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அது மறுபடியும் உங்களைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். பதிவேட்டில் அந்த இரண்டு கோப்புப் பெயர்களுக்கும் எதிரே என்ன இருக்கிறது என்பதை, ஐபி முகவரிகளை மறைத்துவிட்டு இங்கே எழுதுங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.